கராஜ் சீலிங்கில் கயாக் தொங்கவிடுவது: எதில் மாட்டுவது, எப்படித் தூக்குவது?

ஏஜாக்ஸ்வாசி
வணக்கம் எல்லோருக்கும். கோடையில் ஒன்ராறியோ ஏரியின் பிரெஞ்ச்மன்ஸ் பே பக்கம் துடுப்புப் போட ஆசைப்பட்டு 12 அடி கயாக் ஒன்று வாங்கினோம். பாலிஎத்திலீன், உள்ளே உட்காரும் வகை, 25 கிலோ. இப்போது அது கராஜ் தரையில் காருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கார்க் கதவைத் திறந்தால் அதில் இடிக்கிறது. குளிர்கால டயர்களும் அங்கேதான்.

வீட்டோடு ஒட்டிய ஒற்றைக் கார் கராஜ். அகலம் 10 அடி, ஆழம் 20 அடி, சீலிங் 8 அடி. டிரைவால் (ஜிப்சம் பலகை) அடித்து மூடியிருக்கிறார்கள். கராஜுக்கு மேலே மகளின் படுக்கையறை. கப்பி வைத்துக் கயிற்றால் இழுக்கும் ஹோயிஸ்ட் ஒன்றைக் கடையில் பார்த்தேன், 100 பவுண்டு தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. என் கயாக் 55 பவுண்டுதான். வாங்கி மாட்டிவிடலாமா?

நீரோடி
வாங்குங்கள். இதற்கெல்லாம் யோசிக்க என்ன இருக்கிறது? நான் நாலு கொக்கியைத் திருகி, சுமை கட்டும் பட்டை இரண்டைப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். ஹோயிஸ்ட் கூட இல்லை. நானும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றுவோம். ஒன்றும் ஆகவில்லை.

தச்சன்
தம்பி ஏஜாக்ஸ்வாசி, பெட்டியில் போட்டிருக்கும் 100 பவுண்டு ஹோயிஸ்டின் கணக்கு. கப்பி, கயிறு, பட்டை இவை தாங்கும் எடை அது. உங்கள் சீலிங் தாங்குமா என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

முதலில் டிரைவாலுக்குப் பின்னால் என்ன மரம் இருக்கிறது என்று பாருங்கள். கராஜுக்கு மேல் அறை இருந்தால் அது ஜோயிஸ்ட், அதாவது மேல்தளத்தைத் தாங்கும் உத்திரம். மேலே வெறும் கூரை என்றால் பெரும்பாலும் டிரஸ், அதாவது மெல்லிய கட்டைகளை முக்கோணமாக இணைத்த கூரைச் சட்டம். இரண்டும் வேறு வேறு விலங்கு.

டிரஸ்ஸின் அடிக்கட்டை வழக்கமாக 2×4 தான். இடைவெளி 24 அங்குலம். டிரைவாலையும் இன்சுலேஷனையும் தாங்கத்தான் அதைக் கணக்குப் போட்டிருப்பார்கள். சாமான் வைக்காத பரண் என்றால் கனடாவின் கட்டட விதி எடுத்துக்கொள்ளும் கூடுதல் சுமை 0.5 கிலோபாஸ்கல், அதாவது சதுர அடிக்குச் சுமார் 10 பவுண்டு. ஒரு கயாக் அதில் பெரிய சுமை இல்லை. ஆனால் கயாக்கோடு நிற்பவரை நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் சைக்கிள் ஏறும், அதற்கடுத்து நாலு டயர். ரிம்மோடு டயர் ஒன்று 20 கிலோ வரும், நாலும் சேர்த்தால் 80. எல்லாம் ஒரே டிரஸ்ஸில் வந்து விழும். மேலே பனியும் சேர்ந்திருக்கும் காலத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

உங்கள் வீட்டில் மேலே அறை இருக்கிறது. கடந்த இருபது, முப்பது வருடத்தில் கட்டிய வீடு என்றால் முழுக்கட்டையாக இல்லாமல் ஐ-ஜோயிஸ்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் மெல்லிய பலகை, மேலும் கீழும் ஃபிளாஞ்ச் எனும் தடித்த விளிம்புக் கட்டை. எந்த வருட வீடு என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

ஏஜாக்ஸ்வாசி
2006 இல் கட்டியது அண்ணா. அப்படியென்றால் ஐ-ஜோயிஸ்ட்தானா?

தச்சன்
அநேகமாக. உறுதி செய்ய வழி இருக்கிறது. அடித்தளத்தில் (பேஸ்மென்ட்) சீலிங் மூடாத இடம் இருந்தால் அங்கே போய் மேலே பாருங்கள். அதற்கு மேலுள்ள தரைத்தளத்துக்கு ஐ-ஜோயிஸ்ட் போட்டிருந்தால் கராஜுக்கு மேலேயும் அதுவாகத்தான் இருக்கும்.

இடைவெளி 12, 16, அல்லது 19.2 அங்குலமாக இருக்கலாம். அளவு நாடாவில் கறுப்பாகச் சின்ன வைரக் குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 19.2 க்குத்தான், 8 அடிக்குள் ஐந்து சம பாகம். பலர் அதை அச்சுப்பிழை என்று நினைக்கிறார்கள்.

கண்டுபிடிக்கக் காந்தம் போதும். டிரைவால் திருகாணிகள் மேல் அது ஒட்டும். திருகாணிகள் ஒரே கோட்டில் வந்தால் அதுதான் மரம். பிறகு மெல்லிய ஆணியை அங்குமிங்கும் குத்தி மரத்தின் இரண்டு விளிம்பையும் கண்டுபிடித்து நடுவை எடுங்கள். மரம் தேடும் கருவி (ஸ்டட் ஃபைண்டர்) "இங்கே இருக்கிறது" என்று சொல்வதை மட்டும் நம்பித் துளை போடாதீர்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் அரை அங்குலம் தள்ளிப் போனால் திருகு விளிம்பில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், ஒருநாள் பிளந்துகொண்டு வெளியே வரும். நீரோடி, உங்கள் கொக்கிகள் மரத்தின் நடுவில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

நீரோடி
அண்ணா, அவை மரத்தில்தான் இருக்கின்றன. திருகும்போது கை வலித்தது.

தச்சன்
கை வலித்தால் மரம்தான். நடுவா என்பதை வலி சொல்லாது. 🙂 அப்புறம், வாய் திறந்த கொக்கி என்றால் பட்டை ஆடும்போது நழுவலாம். மூடிய வளையம் போடுங்கள்.

பழைய எஞ்சினியர்
கப்பி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

25 கிலோ கயாக்கை இரண்டு இடத்தில் தாங்கினால் ஒரு இடத்துக்கு 12.5 கிலோ. அப்படியே பட்டையில் தொங்கவிட்டால் சீலிங்குக்கும் அவ்வளவுதான். ஹோயிஸ்ட் வைத்தால் கணக்கு மாறுகிறது. பின்பக்கக் கப்பியிலிருந்து வரும் கயிறும் முன்பக்கக் கப்பிக்கு வந்து, அங்கிருந்து இரண்டும் சேர்ந்து கீழே உங்கள் கைக்கு வருகின்றன. நீங்கள் கீழே இழுக்கும் விசையையும் முன்பக்கத் தட்டுத்தான் (கப்பியைச் சீலிங்கில் பிடித்திருக்கும் தட்டு) தாங்க வேண்டும். பட்டையோடு ஒரு கப்பி நகரும் சாதாரண ஹோயிஸ்டில், உரசலை விட்டுவிட்டால், முன்பக்கத் தட்டில் வருவது தன் பங்கான 12.5 கிலோவும் நீங்கள் இழுக்கும் 12.5 கிலோவும், ஆக 25. முழுக் கயாக்கின் எடை ஒரே தட்டில். பின்பக்கத் தட்டுக்கு 12.5 தான், ஆனால் அதைப் பக்கவாட்டிலும் இழுக்கும். வெடுக்கென்று இழுத்தால், அல்லது கயிறு நழுவி, அதைப் பிடிக்கும் பூட்டு சட்டென்று பிடித்தால், அந்த நொடியில் இதைவிடக் கூடும்.

கயிற்றைச் சுவரில் கட்டி வைத்தபின்னும் கயிறு இறுக்கமாக இருக்கும்வரை அந்தச் சுமை அங்கேயே இருக்கும். அதனால் கயாக் மேலே போனதும் தனியாக இரண்டு பட்டையைச் சீலிங் வளையத்திலிருந்து கயாக்குக்கு அடியில் சுற்றி மாட்டிவிட்டுக் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். கப்பிக்குத் தூக்கும் வேலை மட்டும். தாங்குவது பட்டையின் வேலை. கயிற்றுப் பூட்டு தேய்ந்தாலும் கார் மேல் கயாக் வராது.

துடுப்பு
எல்லோரும் சீலிங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். கயாக்கைப் பற்றி யாராவது யோசித்தீர்களா?

பாலிஎத்திலீன் சூட்டில் இளகும். கராஜில் சூடு அதிகம் தங்குவது சீலிங்கை ஒட்டித்தான். ஜூலையில் மேற்கைப் பார்த்த கதவு வெயில் வாங்கினால் உள்ளே வெந்துவிடும். அந்தச் சூட்டில் மெல்லிய கயிறு இரண்டில் கயாக் நாள்கணக்கில் தொங்கினால் கயிறு பட்ட இடம் உள்ளே குழியும், அடிப்பக்கம் அலை அலையாக வளையும். பிறகு தண்ணீரில் நேராகப் போகாது, ஒருபக்கம் இழுக்கும். சின்னக் குழியென்றால் வெயிலில் வைத்தால் தானாகத் திரும்பிவிடும். ஆழமாகப் பதிந்தது முழுசாகத் திரும்பாது.

எனவே பட்டை அகலமாக இருக்கட்டும், இரண்டு அங்குலமாவது. இரண்டு முனையிலிருந்தும் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வைத்துத் தாங்குங்கள். உள்ளே தடுப்புச் சுவர் இருக்கும் வகையென்றால் அதன் கிட்டே வருவது இன்னும் நல்லது, அங்கே உடல் விறைப்பாக இருக்கும். முன்னும் பின்னும் இருக்கும் கைப்பிடியில் தொங்கவிடவே கூடாது. அவை தூக்கிக்கொண்டு நடப்பதற்கு. மாதக்கணக்கில் அதில் தொங்கினால் நடுப்பகுதி தொய்ந்து வாழைப்பழம் மாதிரி ஆகிவிடும்.

இருக்கும் வழிகளில் நல்லது பக்கவாட்டில் சாய்த்தோ கவிழ்த்தோ வைப்பது. மேல்தட்டின் ஓரம் அடிப்பக்கத்தைவிட விறைப்பு. நிமிர்த்தி வைத்தால் எடை முழுக்கத் தட்டையான அடிப்பாகத்தில்தான் உட்காரும்.

ஏஜாக்ஸ்வாசி
ஹோயிஸ்டில் கவிழ்த்துத் தூக்க முடியுமா? தரையில் நிமிர்ந்துதானே இருக்கும்?

துடுப்பு
முடியும். தரையில் பழைய கம்பளத்தின் மேல் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பட்டையை அடியில் விடுங்கள். ஆனால் காரின் ராக்கில் எப்படி வைப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். வெறும் குறுக்குக் கம்பியில் கவிழ்த்துக் கட்டுபவர் என்றால் சீலிங்கிலும் கவிழ்த்தே தொங்கவிடலாம். காரைப் பின்னால் எடுத்து நேராகக் கீழே நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தினால் கயாக் ராக்கில் வந்து உட்கார்ந்துவிடும். யாரும் தூக்க வேண்டாம். ஹோயிஸ்டின் உண்மையான சுகம் அதுதான். ஆனால் ஏற்றிய காரோடு கராஜ் கதவுக்குள் நுழையவும் வெளியே வரவும் உயரம் போதுமா என்று அளந்துகொள்ளுங்கள். கதவு உயரம் பெரும்பாலும் 7 அடிதான்.

மிசிசாகா அக்கா
தம்பி, உங்களுக்கு 8 அடி சீலிங் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சீலிங்கை விட்டேன். 8 அடி என்றால் 244 செ.மீ. கயாக்கின் உயரம் ஒரு 38 செ.மீ., கப்பிக்கும் பட்டைக்கும் 10 செ.மீ. கயாக்கின் அடிப்பக்கம் 196 செ.மீ. உயரத்தில் நிற்கும். கார் அடியில் போய்விடும். ஆனால் எஸ்யூவி என்றால் பின்கதவை மேலே திறக்கும்போது 2 மீட்டரைத் தாண்டும். ஒவ்வொரு முறை மளிகைப் பை எடுக்கும்போதும் கயாக்கில் இடிக்கும். அல்லது காரைப் பாதி வெளியே விட்டுத் திறக்க வேண்டும்.

கராஜ் கதவையும் மறக்காதீர்கள். கதவு திறந்து மேலே படுக்கும்போது அதற்கும் 8 அடி சீலிங்குக்கும் நடுவில் ஒரு அடி இடம் இருந்தால் அதிகம். கயாக் அதில் நுழையாது. ஆக, கதவு வந்து படுக்கும் இடத்துக்கு அப்பால், கராஜின் உள்பக்க 12, 13 அடியில்தான் தொங்கவிட முடியும். நடுவில் கதவைத் திறக்கும் மோட்டாரின் (ஓப்பனர்) தண்டவாளம் வேறு. மிஞ்சும் இடம் ஒருபக்க ஓரம். ஓரத்தில்தான் என்றால் சுவரிலேயே மாட்டலாமே?

நான் தனியாகத்தான் துடுப்புப் போடப் போவேன். 25 கிலோவைத் தலைக்கு மேல் தூக்க எனக்குத் தோள் இல்லை. சுவரில் மடக்கக்கூடிய இரண்டு தாங்கிக் கை (பிராக்கெட்), நெஞ்சு உயரத்தில். கயாக் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. சுவரிலிருந்து அரை மீட்டருக்குள் முடிந்துவிடும்.

தச்சன்
அக்கா சொல்வதை நான் வழிமொழிகிறேன். சுவரில் ஸ்டட் (நிமிர்ந்த மரச்சட்டம்) 16 அங்குல இடைவெளியில் இருக்கும், எடை மரம் வழியாக நேரே கீழே இறங்கும். ஆனால் கை முன்னால் நீண்டிருப்பதால் மேல் திருகாணியை அது வெளியே பிடுங்கப் பார்க்கும். கைக்கு இரண்டு திருகாணி இருந்தால் மேலுள்ளது நன்றாக ஆழமாகப் போக வேண்டும். மேலும் கீழும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது.

தம்பி சீலிங்தான் என்று நின்றால், ஐ-ஜோயிஸ்டுக்கு என் வழி இது. ஃபிளாஞ்ச் தடிப்பு ஒன்றரை அங்குலம்தான். அதை வெட்டவோ, பெரிய துளை போடவோ கூடாது, தடித்த லாக் ஸ்க்ரூ (போல்ட் தலையுள்ள மரத் திருகு) அதைப் பிளந்துவிடும். 2×6 பலகை ஒன்றை ஜோயிஸ்ட்களுக்குக் குறுக்காக வைத்து, மூன்று நாலு ஜோயிஸ்டில் கால் அங்குலத் தடிப்புள்ள ஸ்ட்ரக்சரல் ஸ்க்ரூவால் (சுமை தாங்கவே செய்த திருகாணி) பிடியுங்கள். கப்பியையும் வளையத்தையும் அந்தப் பலகையில் மாட்டுங்கள். சுமை பல மரத்துக்குப் பிரியும். கப்பி எங்கே வேண்டுமோ அங்கே வைக்கலாம், ஜோயிஸ்ட் இருக்கும் இடத்தைத் தேடி அலைய வேண்டாம். ஐ-ஜோயிஸ்ட் தயாரிப்பாளர்கள் எங்கே எவ்வளவு தொங்கவிடலாம் என்று வழிகாட்டி வைத்திருக்கிறார்கள், ஜோயிஸ்டின் பக்கத்தில் பெயர் அச்சடித்திருக்கும். அடித்தளத்தில் பார்க்கும்போது அதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

திருகாணி நீளம் முக்கியம். 2×6 என்று பெயர் இருந்தாலும் பலகையின் உண்மைத் தடிப்பு ஒன்றரை அங்குலம், டிரைவால் அரை, ஃபிளாஞ்ச் ஒன்றரை. மொத்தம் மூன்றரை. அதைத் தாண்டி வெளியே நீட்ட வேண்டாம். படுக்கையறைக்குக் கீழே என்றால் ஜோயிஸ்ட்களுக்கு நடுவே சூட்டுக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பி எதுவும் ஓடலாம்.

டிரஸ் வீட்டுக்காரர்களுக்கும் பலகை யோசனைதான். அங்கே 5/16 அங்குல லாக் ஸ்க்ரூ போதும், முதலில் 3/16 அங்குலத் துளை போட்டுக்கொள்ளுங்கள். கட்டைகளை இணைக்கும் பல் தகட்டில் மட்டும் துளை போடாதீர்கள். கயாக் டிரஸ்ஸுக்குக் குறுக்காகத் தொங்கினால் இரண்டு பட்டையும் வெவ்வேறு டிரஸ்ஸில் வரும். அதே திசையில் தொங்கினால் இரண்டும் ஒரே டிரஸ்ஸில். பலகை இல்லாமல் அந்தத் திசையில் தொங்கவிடாதீர்கள்.

பழைய எஞ்சினியர்
ஒட்டிய கராஜில் இன்னொன்று. சீலிங் டிரைவால் வெறும் அழகுக்கு இல்லை. கார்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள் போகாமல் தடுக்கும் திரை அது. ஒன்ராறியோ கட்டட விதி அதைக் கேட்கிறது. மேலே பிள்ளை தூங்கும் அறை என்கிறீர்கள். மரம் தேடிக் குத்திய ஓட்டை ஒவ்வொன்றையும் அடைத்துவிடுங்கள், திருகாணியைச் சுற்றியும் சீலன்ட் வையுங்கள். வீட்டோடு பொதுவான சுவருக்கும் இதே கதை. சுவரில் மாட்டுவதென்றால் வெளிப்பக்கச் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

நீரோடி
ஒரு கயாக் மாட்ட இவ்வளவா! என் கொக்கிகளைப் போய்ப் பார்த்தேன். மூன்று நடுவில், ஒன்று ஓரத்தில். பலகை வாங்கக் கிளம்புகிறேன்.

வாடகை வீடு
ஓட்டை போடவே அனுமதி இல்லாதவர்கள் என்ன செய்வது? வீட்டுக்காரர் ஒரு ஆணிக்கும் சம்மதிக்க மாட்டார்.

மிசிசாகா அக்கா
தரையில் நிற்கும் ராக் கிடைக்கிறது. அல்லது தச்சர்கள் மரம் அறுக்க வைக்கும் இரண்டு கால் தாங்கியை வாங்கி, இரண்டுக்கும் அகலப் பட்டையை ஊஞ்சல்போல் கட்டி அதில் கயாக்கைச் சாய்த்து வையுங்கள். கராஜ் கதவுத் தண்டவாளத்தில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கதவின் எடைக்கு மட்டும். அதன் ஸ்பிரிங் பக்கம் கையே வைக்கக் கூடாது.

ஏஜாக்ஸ்வாசி
எல்லோருக்கும் நன்றி. அடித்தளத்தில் பார்த்தேன், ஐ-ஜோயிஸ்ட்தான், 16 அங்குலம். கார் எஸ்யூவி. நாடாவோடு கராஜில் நின்று பார்த்தால் அக்கா சொன்ன மாதிரியே பின்கதவு இடிக்கும். மனைவியும் சுவர் என்றுதான் சொல்கிறார். வெளிப்பக்கச் சுவரில் இரண்டு கை, நெஞ்சு உயரத்தில். டயர்களைச் சீலிங்கில் ஏற்றும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன், கயாக்குக்குக் கீழே அடுக்கி வைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. அக்டோபரில் எடுத்து வைத்தால் மே மாதம்தான் இறக்குவேன். வைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

துடுப்பு
நல்ல முடிவு. வைப்பதற்கு முன்:

தண்ணீர் முழுக்க வடியட்டும். முன், பின் அறைகளில் ஸ்பாஞ்சால் துடையுங்கள். உள்ளே தேங்கியது உறைந்தால் விரியும், தடுப்புச் சுவரின் ஒட்டு விடும். ஒட்டியிருக்கும் பாசியையும் களையையும் கரையிலேயே எடுத்துவிட வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் அது சட்டம், வேறு நீர்நிலைக்கு அந்நிய உயிரினம் பரவாமல் இருப்பதற்கு. தண்ணீர் வடியும் திருகையும் கழற்றிவிட்டுத்தான் சாலையில் கொண்டுபோக வேண்டும்.

அறை மூடிகளை இறுக்கி மூடாதீர்கள், கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். சூடும் குளிரும் மாறும்போது உள்ளே காற்று விரிந்து சுருங்கும், அதுவும் அந்த ஒட்டைத்தான் தொந்தரவு செய்யும். உட்காரும் வாய்க்குத் துணி மூடி போடுங்கள். கராஜ் எலிக்கு அதைவிட நல்ல கூடு கிடைக்காது. மிதவைச் சட்டையை உள்ளே போட்டு வைக்காதீர்கள், எலி முதலில் அதைத்தான் கடிக்கும். வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். விசிலும் 15 மீட்டர் மிதக்கும் கயிறும் அதோடேயே இருக்கட்டும், மே மாதம் தேட வேண்டாம்.

பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள். விழாமல் இருந்தால் போதும். ஜனவரிக் குளிரில் எடுத்துக் கீழே போடவும் வேண்டாம், உறைகுளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

வாடகை வீடு
ஃபைபர் கிளாஸ் கயாக்குக்கும் இதே விதிகளா?

துடுப்பு
அது சூட்டில் குழியாது, அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒரே புள்ளியில் அழுத்தினால் விரிசல் விடும். பட்டையோ மெத்தை வைத்த தாங்கியோ போடுங்கள், வெறும் இரும்புக் கையில் வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அதேதான்.